ஒரு கோலுக்கு ஒன்றரை மணி நேரம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விளையாட்டு அன்பர்கள் உதைபந்தாட்டத்தின்மீது நெடுநாளாகச் சுமத்திவரும் குற்றங்கள் பல. கோல்கள் விழுவதில்லை என்பர். விழுந்தாலும் ஒன்று அல்லது இரண்டு என்பர். ஒன்றரை மணி நேரம் ஓடிக் களைத்தபின், வென்றவர் யார் என்று தெரியாமலே இருபாலாரும் வீடு திரும்புவது ஒரு விளையாட்டாகுமா என்பர். கை இரண்டு இருக்க, அவற்றைக் கட்டிப்போட்டுவிட்டுக் காலால் உதைப்பானேன் என்பர். ஆட்டம் முடியும் வேளை மத்தியஸ்தர் ஒருவருக்கே தெரிந்த இரகசியமாயிருப்பது முறையன்று என்பர். எவரும் தீண்டாமலே விழுந்து புரண்டு அலறும் ஆட்டக்காரனைச் சுட்டிக்காட்டி நகைப்பர். பல்லாயிரம் மைலுக்கு அப்பாலுள்ளோர் தமக்குள் பேசிக்கொள்ளும் குறை நமக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம்.

அக்குரல் இப்பொழுது நம் வேலியோரத்திலும் கேட்கிறது என்பதே விடை. கடல் கடந்து சென்ற நம்மவர் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது அந்நாட்டுக் கண்ணையும் உடன் கொண்டுவருகின்றனர். என்னிடம் தமிழ் பயின்று இன்று நியூ ஜேர்சியில் கணக்காளராயிருக்கும் ஒருவர், சில காலத்துக்கு முன் ஆரையம்பதிக்கு வந்திருந்தார். வாவிக்கரைப் பக்கத்துத் திடலொன்றில் இரண்டு ஊர் இளைஞர்கள் ஆடிக்கொண்டிருந்தனர். அரை மணி நேரம் பார்த்து நின்றவர், "சேர், இவ்வளவு நேரமா ஓடுறாங்க, ஒண்டும் நடக்கல்லையே!" என்றார். பக்கத்தில் நின்ற முதியவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பந்தின்பால் மீண்டும் கண்ணைத் திருப்பிக்கொண்டார். ஒருவர் கண்ணுக்கு ஒன்றும் நடக்கவில்லை. மற்றவர் கண்ணுக்கோ இமைக்க நேரமில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதையே ஈண்டு ஆராய விரும்புகிறேன்.

அதற்குமுன் ஒன்று சொல்லவேண்டும். மட்டக்களப்பார் அமெரிக்க விளையாட்டுக்களுக்கு அயலாரல்லர், பகைவருமல்லர். 1873ஆம் ஆண்டு தோன்றிய புனித மிக்கேல் கல்லூரியில், இரண்டாம் உலகப் போருக்குப்பின் நியூ ஓர்லியன்ஸ் பகுதியிலிருந்து வந்து பணியாற்றிய இயேசு சபைத் துறவியர், பாடத்தோடு கூடைப்பந்தாட்டத்தையும் நம் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். லூசியானா மாநிலத்தவரான இயூஜின் ஹேபேர்ட் அடிகளார் பயிற்றிய கூடைப்பந்து அணிகளின் பெயர் இலங்கை முழுவதும் பரவியிருந்தது. நகரத்தின் பெரிய விளையாட்டரங்கு இன்றும் வெபர் மைதானம் என்றே வழங்குகிறது. அதுவும் அத்துறவியருள் ஒருவரின் பெயரே. அமெரிக்கர் பெயர் தாங்கிய அம்மைதானத்தில் உதைபந்தாட்டம் நடைபெறுவதும், அதைக் காண மக்கள் திரள்வதும் எவர்க்கும் முரணாகத் தோன்றியதில்லை. ஆகவே நான் கூறப்போவது வழக்காடு மன்றத்து எதிர்வாதமன்று. உறவினரிடையே நிகழும் உரையாடல் என்று கொள்க.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்கர் இவ்விளையாட்டைச் 'சொக்கர்' என அழைப்பதை ஆங்கிலேயர் சிலர் எள்ளுவதுண்டு. அச்சொல் பிறந்ததோ இங்கிலாந்திலேதான். 'அசோசியேஷன்' விதிப்படி ஆடும் பந்தாட்டம் என்பதை ஒக்ஸ்போர்ட் மாணவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுருக்கித் திரித்து வழங்கிய குறும்புச் சொல் அது. பெற்றவர் மறந்த பிள்ளையை அமெரிக்கர் வளர்த்தனர், அவ்வளவே. நம்மிடையேயும் இத்தகைய வேறுபாடு உண்டு. தமிழகத்தார் கால்பந்து என்பர். நாம் உதைபந்து என்கிறோம். அவர்கள் உறுப்பைச் சொன்னார்கள். நாம் வினையைச் சொன்னோம். தலையாலும் மார்பாலும் தொடையாலும் பந்து செல்லும் இவ்வாட்டத்துக்கு இரண்டும் முற்றும் பொருந்தா எனினும், வினைத்தொகையாய் நிற்கும் நம் சொல்லில் விசை மிகுதி என்பது என் கட்சி. 'கோல்' என்னும் ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்தாண்டதிலும் எனக்கு வருத்தமில்லை. அளவுகோலும் துலாக்கோலும் செங்கோலும் உடைய மொழிக்கு, ஆட்டத்தை அளந்து தீர்ப்புக் கூறும் இன்னொரு கோல் பாரமாகாது.

இனி முதற்குற்றத்துக்கு வருவோம். எண்ணிக்கை மிகுந்தால் இன்பம் மிகும் என்னும் எண்ணம் அமெரிக்கருக்கு மட்டும் உரியதன்று. பழந்தமிழ் நூல்கள் காட்டும் பந்தாட்டமே எண்ணிக்கை ஆட்டம்தான். சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையிலே கந்துக வரி உண்டு. கந்துகம் என்பது பந்து. கொங்குவேளிரின் பெருங்கதையிலோ பந்தடிக்கென்றே ஒரு பகுதி அமைந்துள்ளது. உதயணன் காண, மகளிர் ஒருவரையொருவர் விஞ்சப் பந்தடிக்கின்றனர். ஒருத்தி ஆயிரம் அடித்து நிறுத்தினால் அடுத்தவள் அதற்கு மேலும் அடிக்கிறாள். ஆயிரக்கணக்கில் ஏறிச்சென்று, இறுதியில் மானனீகை அனைவரையும் வெல்கிறாள். நியூ ஜேர்சி அன்பர் அங்கிருந்திருப்பாராயின் மிக மகிழ்ந்திருப்பார்.

ஆனால் நம் நாட்டுக்கு வேறொரு விளையாட்டும் உண்டு. கண்ணகை அம்மன் வழிபாட்டோடு இணைந்து மட்டக்களப்புப் பகுதியில் வழங்கிவந்த கொம்புமுறியைச் சொல்கிறேன். ஊர் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரியும். வடசேரியார் கோவலன் பக்கம். தென்சேரியார் கண்ணகி பக்கம். வைரம் பாய்ந்த வளைந்த மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி, இரு கட்சியாரும் இழுப்பர். கொம்பைத் தேடி எடுப்பதில் ஒரு திறமை. செதுக்குவதில் ஒரு திறமை. கொளுவுவதில் ஒரு திறமை. இழுக்கும் கணத்தை அறிவதில் இன்னொன்று. இத்தனை ஆயத்தமும் இத்தனை ஆரவாரமும் எதற்கு? ஒரேயொரு முறிவுக்கு. எவர் கொம்பு முறிந்ததோ அவர் தோற்றார். அம்முறிவுக்காக ஊரே மூச்சடக்கி நின்றது. "இன்னும் ஒன்றும் முறியவில்லையே" என்று எவரும் சலித்து வீடு சென்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. முறியாதிருக்கும் ஒவ்வொரு கணமும் முறியக்கூடிய கணம் என்பதை அவர்கள் அறிவர். இன்று கொம்புமுறி அரிதாகவே நடைபெறுகிறது. அதனைக் கண்ட கண்கள் உதைபந்தாட்டத்தைக் காண்பதற்குப் புதிதாகப் பயில வேண்டியதில்லை.

அமெரிக்கரின் கூடைப்பந்தாட்டமும் பிறக்கும்போது இவ்வாறேதான் பிறந்தது என்பது பலர் அறியாத செய்தி. 1891ஆம் ஆண்டு திசம்பர் மாதம், மசாசுசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், குளிர்காலத்தில் வெளியே ஆடமுடியாமல் அடங்காது நின்ற மாணவர் பதினெண்மரை அமைதிப்படுத்த ஒரு புதிய ஆட்டத்தை வகுத்தார். (வகுப்பை அடக்க வழி தேடும் ஆசிரியரின் தவிப்பிலிருந்து உலகத்துக்கு எத்தனை நன்மைகள் விளைந்துள்ளன என்று யாராவது ஒரு நூல் எழுதலாம்.) பீச்சுப்பழக் கூடைகள் இரண்டை மேல்மாட விளிம்பில் அறைந்தார், பக்கத்துக்கு ஒன்பதின்மரை நிறுத்தினார். எறிவதற்கு அவர் கொடுத்த பந்து எது? உதைபந்தாட்டப் பந்து. அன்றைய முடிவு என்ன? ஒன்றுக்குப் பூச்சியம். உலகின் முதற் கூடைப்பந்தாட்டம், உதைபந்தைக் கொண்டு, ஒரேயொரு கோலால் முடிந்தது!

பின்னர் அவ்வாட்டம் வேறு வழியிற் சென்றது. 1950ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியொன்றில் போர்ட் வேய்ன் அணி மினியாபொலிஸ் அணியை 19க்கு 18 என வென்றது. பந்தை வைத்துக்கொண்டே பொழுது போக்கிய அந்த ஆட்டத்தைக் கண்டு மக்கள் சினந்தனர். 1954இல், 24 விநாடிக்குள் பந்தை எறிந்தேயாகவேண்டும் என விதி வந்தது. கூடைப்பந்துக்கு அது தக்க மருந்தே. எனினும் ஒரு நோயாளிக்குத் தந்த மருந்தை ஊரிலுள்ளோர் அனைவருக்கும் ஊட்டலாகாது.

கோல் அருகியிருப்பதால் விளையும் பயன் யாது? இதை எங்கள் கணித ஆசிரியரிடம் கேட்டேன். அவர் சுண்ணக்கட்டியை எடுத்தார். இரண்டு அணிகள், ஒன்று மற்றதைவிட இருமடங்கு வலியது, விழும் ஒவ்வொரு புள்ளியும் மூன்றில் இரண்டு பங்கு வலியவர்க்கே விழக்கூடும் எனக் கொள்க. ஒரேயொரு புள்ளியால் முடியும் ஆட்டமாயின், மூன்று ஆட்டத்தில் ஒன்றை எளியவர் வெல்லக்கூடும். மூன்று புள்ளி விழும் ஆட்டமாயின், நான்கில் ஒன்றுக்குச் சற்று மேலே அவர்க்கு வாய்ப்பு உண்டு. தொண்ணூற்றொன்பது புள்ளி விழும் ஆட்டமாயினோ, ஆயிரம் முறை ஆடினும் எளியவர் ஒருமுறைகூட வெல்வது அரிது. புள்ளி பெருகப் பெருக வலியவன் வெற்றி உறுதியாகும். அருகும்போது எளியவனுக்கு ஒரு கதவு திறந்திருக்கும். அப்படியானால் இது வெறும் அதிட்டம்தானே என்று கேட்பார் உளர். அன்று. அக்கதவு திறந்திருக்க வேண்டுமானால் எளியவன் தொண்ணூறு நிமிடமும் தன் கோலைக் காத்து நிற்கவேண்டும். ஒரு கணம் அயர்ந்தால் அது சாத்தப்பட்டுவிடும். அந்தக் காவல்தான், ஒன்றும் நடக்கவில்லை என்று என் மாணவர் சொன்ன பொழுதில் நடந்துகொண்டிருந்தது.

இவ்வுண்மைக்குச் சான்று தேடி நாம் எங்கும் அலையவேண்டியதில்லை. அமெரிக்கரின் வரலாற்றிலேயே அது உண்டு. அவர்களுட் பலர் அதை மறந்துவிட்டனர்.

1950ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டி பிரேசிலில் நடந்தது. சூன் 29ஆம் நாள், பெலோ ஒரிசோன்டே நகரில் இங்கிலாந்தும் அமெரிக்காவும் மோதின. உதைபந்தாட்டத்துக்கு விதி வகுத்த நாடு இங்கிலாந்து. பில்லி ரைட், டொம் பின்னி, ஸ்ரான் மோர்ட்டென்சன் முதலிய பேராட்டக்காரர் அன்று களத்தில் நின்றனர். அமெரிக்க அணியோ வயிற்றுப்பாட்டுக்கு வேறு தொழில் செய்துகொண்டு ஓய்வில் பந்துதைத்தவர்களின் கூட்டம். கோல் காத்த பிராங்க் போர்கி பிரேத வண்டி ஓட்டியவர். வால்ட்டர் பார் பாடசாலை ஆசிரியர். கறுப்புப் பலகைக்கு முன் நின்று பழகிய எவரும் அவரை நேசிக்காமல் இருக்கமுடியாது. ஹரி கியோ தபாற்காரர். முன்களத்தில் நின்ற ஜோ கேட்ஜென்ஸ் ஹெயிட்டி நாட்டிலிருந்து நியூ யோர்க்குக்குப் படிக்க வந்து, உணவுச்சாலையொன்றில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர். இவர்களைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து சென்ற பத்திரிகையாளர் ஒருவரே. அவரும் விடுமுறை எடுத்துத் தம் கைப்பணத்தில் சென்றவர்.

ஆங்கிலேயர் அலை அலையாக வந்து மோதினர். பந்து கம்பத்தில் பட்டது. போர்கியின் கையில் பட்டது. கோலுக்குள் மட்டும் செல்லவில்லை. 38ஆம் நிமிடத்தில் ஆசிரியர் பார் தொலைவிலிருந்து பந்தை அடித்தார். கேட்ஜென்ஸ் பாய்ந்து தலையால் முட்டினார். பந்து திசை திரும்பி வலைக்குள் விழுந்தது. பின்னும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆட்டம் இருந்தது; அந்த ஒரு மணி நேரத்தையும் அப்பாத்திரம் கழுவுபவரும் பிரேத வண்டிக்காரரும் தபாற்காரரும் காத்தனர். ஒன்றுக்குப் பூச்சியம். பிரேசில் மக்கள் கேட்ஜென்ஸைத் தோளில் தூக்கிச் சென்றனர். இதே அமெரிக்க அணி ஸ்பெயினிடம் மூன்றுக்கு ஒன்று எனவும் சிலியிடம் ஐந்துக்கு இரண்டு எனவும் தோற்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தோடு அன்று கூடைப்பந்து விதிப்படி நூறு புள்ளி ஆடியிருந்தால், அவர்கள் பெயரை இன்று நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கேட்ஜென்ஸின் பிற்கால வரலாறு விளையாட்டுப் பக்கத்துக்கு உரியதன்று. ஆயினும் மட்டக்களப்பில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் விடமுடியவில்லை. அவர் தம் தாயகம் மீண்டார். ஹெயிட்டியில் டுவாலியே ஆட்சி நடந்த காலம் அது. குடும்பத்தவர் சிலர் அவ்வாட்சிக்கு எதிரிகள். அவரோ அரசியலில் ஈடுபடாதவர். 1964ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் ஆயுதம் தாங்கியோர் அவரைப் பிடித்துச் சென்றனர். அதன்பின் அவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. நம்மூரில் கூடைப்பந்து பயிற்றிய ஹேபேர்ட் அடிகளார், 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள், தமிழ் இளைஞர் ஒருவரோடு வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்டார். இருவரும் வந்து சேரவில்லை. ஒருவர் அமெரிக்காவுக்காக உதைபந்தாடிய ஹெயிட்டியர். மற்றவர் நமக்குக் கூடைப்பந்து தந்த அமெரிக்கர். இவ்விரு பெயரையும் ஒரே பந்தியில் எழுதும்போது, எவ்விளையாட்டு உயர்ந்தது என்னும் பேச்சு சற்று நேரம் நின்றுவிடுகிறது.

அருகிய கோல் எளியவர்க்குத் துணைநின்ற கதை நம் அயலிலும் உண்டு. 1911இல் கல்கத்தாவில், மோகன் பகான் அணியினர் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, சப்பாத்தணிந்த கிழக்கு யோர்க்ஷயர்ப் படையணியை இரண்டுக்கு ஒன்று என வென்று கேடயத்தைக் கைப்பற்றினர். 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில், இலங்கை மேலதிக நேரத்தில் போட்ட ஒரேயொரு கோலால் இந்தியாவை வென்றது. அடுத்த ஆண்டே லாகூரில் கிரிக்கெற் உலகக் கிண்ணம் நமக்குக் கிடைத்துவிட்டது. அந்த ஆரவாரத்தில் இந்த ஒரு கோல் மூழ்கிப்போயிற்று.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. அமெரிக்கரின் முறைப்பாட்டுக்கு மிக வலிய சான்று அவர்கள் நாட்டிலேயே நிகழ்ந்தது. 1994ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை அமெரிக்கா நடத்தியது. கலிபோர்னியாவின் பசடீனா நகரத்து ரோஸ் போல் அரங்கில், தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்டோர் முன்னிலையில், பிரேசிலும் இத்தாலியும் இறுதியாட்டம் ஆடின. மேலதிக நேரத்தோடு சேர்த்து நூற்றிருபது நிமிடம்; கோல் ஒன்றும் இல்லை. தண்டனை உதைகளால் முடிவு காணப்பட்டது. இத்தாலியின் பாஜியோ உதைத்த பந்து கம்பத்துக்கு மேலே போயிற்று. முதன்முதலாக இவ்விளையாட்டைக் காண வந்த அமெரிக்கர் ஒருவர், "இதற்கோ உலகம் பித்துப்பிடித்து அலைகிறது?" என்று கேட்டிருந்தால் அவரை நான் குறை கூறமாட்டேன். அவ்வாட்டம் சுவையற்ற ஆட்டமே.

ஆனால் ஐந்தாண்டு செல்லட்டும். 1999 சூலை 10ஆம் நாள், அதே பசடீனா, அதே ரோஸ் போல் அரங்கு. அன்றும் தொண்ணூறாயிரம் பேர். பெண்கள் உலகக் கிண்ண இறுதியாட்டம், அமெரிக்காவும் சீனாவும். அன்றும் நூற்றிருபது நிமிடம் கோல் இல்லை. அன்றும் தண்டனை உதை. ஐந்துக்கு நான்கு என அமெரிக்கப் பெண்கள் வென்றனர்; பிராண்டி சஸ்டெயின் கடைசி உதையை உதைத்ததும் நாடே குதூகலித்தது. கோல் விழவில்லையே என்று அன்று எவர் அழுதார்? அந்நாட்டுப் பெண்கள் 1991, 1999, 2015, 2019 என நான்கு முறை உலகக் கிண்ணம் வென்றவர்கள். ஆக, நூற்றிருபது நிமிட வெறுமை ஒருமுறை சலிப்பாகவும் மற்றொருமுறை உயிர்த்துடிப்பாகவும் தோன்றிற்று. களத்தில் தமக்குரியவர் இல்லாதபோது ஒன்றும் நடக்கவில்லை. இருக்கும்போது எல்லாம் நடக்கிறது. என் மாணவருக்கு அன்று வாவிக்கரைத் திடலில் ஆடிய இரண்டு ஊரும் ஒன்றே. வேலியோரத்து முதியவருக்கோ ஓர் ஊர் தம் ஊர்.

சமநிலை முடிவைப் பற்றி அமெரிக்கருக்குள்ள வெறுப்பு வேடிக்கையானது. 1996இல் அவர்கள் தொடங்கிய பெருங்கழகப் போட்டியில் சமநிலையே கூடாது என முடிவு செய்தனர். ஆட்டம் சமமாய் முடிந்தால், ஓர் ஆட்டக்காரர் 35 யார் தொலைவிலிருந்து பந்தை உருட்டிச் சென்று ஐந்து விநாடிக்குள் கோல் காப்பவரை வெல்லவேண்டும். கடிகாரமும் மேலிருந்து கீழாக எண்ணிப் பூச்சியத்தில் நின்றது. எல்லாக் குறைக்கும் மருந்து கொடுத்தாயிற்று. நான்கு பருவம் ஆடிப் பார்த்தனர். 2000ஆம் ஆண்டிலிருந்து அவ்வேற்பாடுகளைக் கைவிட்டு உலகத்தார் விதிக்கே மீண்டனர். அவர்களை யாரும் வற்புறுத்தவில்லை; ஆட்டத்தைக் காணத் தொடர்ந்து வந்தவர்களுக்கே அவை ஒட்டவில்லை. அடுத்தடுத்த ஊரார் ஆடும் எங்கள் பக்கத்தில் சமநிலையின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். ஒன்றுக்கு ஒன்று என முடிந்த மாலைகளில் இரு பகுதியாரும் ஒரே கடையில் தேநீர் குடித்துவிட்டுச் செல்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கொம்புமுறியில் வென்றவர் தோற்றவரை நையாண்டி பாடுவர். அப்பாட்டு ஆண்டுக்கணக்கில் நெஞ்சில் கிடந்து உறுத்தும்.

கையை ஏன் விலக்கினர் என்னும் கேள்வி தமிழ் படித்தவனுக்குக் கேள்வியே அன்று. வெண்பா பாடுவோன் வெண்டளை பிறழாமல் பாடவேண்டும். ஈற்றடி முச்சீராய் நிற்கவேண்டும். வேறு தளையும் வேறு சீரும் இருக்க ஏன் இவ்வாறு கட்டுண்கிறாய் என்று எவரும் அவனைக் கேட்பதில்லை. விலக்கு ஒன்றை வைத்த இடத்திலேதான் கலை தொடங்குகிறது. நெய்ஸ்மித்தும் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாகாது என்று விலக்கினார்; கூடைப்பந்தில் காலால் உதைப்பது குற்றம். கையால் எவரும் செய்யக்கூடியதைக் காலால் செய்துகாட்டும்போது மனித உடலின் மேல் நமக்குப் புதிதாக ஒரு வியப்புப் பிறக்கிறது. மற்றுமொன்று: காலுக்கு உயரம் வேண்டியதில்லை. ஏழடி மனிதரின் இராச்சியமாகிவிட்ட கூடைப்பந்துக் களத்தில், நம் வாவிக்கரைப் பையன் எத்தனை நுணுக்கம் பயின்றாலும் மேலே பார்த்தபடியே நிற்கவேண்டியவன்.

கடிகாரக் குற்றச்சாட்டை விரைந்து கடந்துவிடலாம். மத்தியஸ்தர் கூட்டித் தரும் நிமிடங்கள் இப்பொழுது பலகையில் எழுதிக் காட்டப்படுகின்றன. இரகசியம் ஏதும் இல்லை. அமெரிக்கரின் சொந்தப் பந்தாட்டத்தில் பந்து உண்மையாக அசையும் நேரம் சராசரி 11 நிமிடமே என்று 2010இல் அந்நாட்டு வோல் ஸ்ரீட் நாளிதழ் எண்ணிக் கண்டது. ஒளிபரப்போ மூன்று மணி நேரத்துக்கு மேல். உதைபந்தாட்டத்தின் தொண்ணூறு நிமிடத்தில் ஐம்பத்தைந்து அறுபது நிமிடம் பந்து ஓடுகிறது. இடையே விளம்பரம் நுழையப் பாதியிடைவேளை தவிர வேறு சந்து இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியார் நெடுங்காலம் இவ்வாட்டத்தைக் குளிர்ந்த முகத்தோடு நோக்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஐயம்.

பொய்யாக விழுந்து அலறுவோர்க்காக நான் பரிந்து பேசமாட்டேன். அது இழிவு. கூத்துக் களரியில் அபிமன்யு விழுந்தால் நாம் அழுகிறோம். அவன் ஏமாற்றவில்லை, நடிக்கிறான் என்பது நமக்குத் தெரியும். மத்தியஸ்தரை ஏமாற்ற விழுபவன் கூத்தனுமல்லன், வீரனுமல்லன். 1999 முதல் இதற்கு மஞ்சள் அட்டை காட்டலாம் என விதியில் எழுதியிருக்கிறார்கள்; போதிய கடுமையோடு காட்டுவதில்லை. அமெரிக்கக் கூடைப்பந்திலும் இதே நோய் பரவி, 2012இல் தண்டப்பணம் விதிக்கத் தொடங்கினர் என்பதைச் சொல்லி ஆறுதல் பெறலாம். ஆனால் அயலவன் வீட்டிலும் கறையான் உண்டு என்பதால் நம் கூரை பிழைத்துவிடாது.

இத்தனையும் நான் எழுதப் புகுந்தது அமெரிக்கரைத் திருத்துவதற்கன்று. அவர்கள் தாமே திருந்திவருகின்றனர். 2026ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தைக் கனடா, மெக்சிகோ நாடுகளோடு சேர்ந்து நடத்தும் உரிமையை 2018இலேயே கேட்டு வாங்கினர். என் கவலை நம் பிள்ளைகளைப் பற்றியது. கையிலுள்ள தொலைபேசியில் அவர்கள் காண்பது ஆட்டமன்று; கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிய துணுக்குகள். ஒரு நிமிடத்தில் பத்துக் கோல் பார்த்துப் பழகிய கண், திடலில் வந்து நின்றால் அரை மணி நேரத்தில் சோர்ந்துபோகிறது. நியூ ஜேர்சிக்குப் போகாமலே நியூ ஜேர்சிக் கண் வந்துவிடுகிறது.

எங்கள் பகுதிப் பாடசாலையொன்றின் விளையாட்டுக் குழுக் கூட்டத்துக்கு நானும் அழைக்கப்பட்டிருந்தேன். பாடசாலையின் பெயர் வேண்டாம். உதைபந்தாட்டத்தை நிறுத்தி, உள்ள சிறு பணத்தைக் கிரிக்கெற்றுக்கு ஒதுக்கலாம் என ஒருவர் பிரேரித்தார். பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை, கோல் விழுவதில்லை, பார்ப்பவர்க்கும் அலுப்பு என்றார். ஒரு துடுப்பின் விலையில் எத்தனை பந்து வாங்கலாம் என்றும், ஒரு பந்தைக்கொண்டு எத்தனை பிள்ளைகள் ஒரே வேளையில் ஓடலாம் என்றும் உடற்பயிற்சி ஆசிரியை ஒருவர் எழுந்து கேட்டார். சப்பாத்து வாங்க வழியில்லாதவன் இம்மணலில் வெறுங்காலோடு ஆடலாம். காலுறையும் கவசமும் தேடவேண்டியதில்லை என்றார். பெருநகரக் கல்லூரிகளோடு வேறெந்த ஆட்டத்தில் மோதினாலும் நம் பிள்ளைகள் நூறு புள்ளியால் தோற்பார்கள், இதில்தான் ஒன்றுக்குப் பூச்சியம் என வெல்லவும் கூடும் என்று நான் சொன்னேன். பெண்பிள்ளைகளுக்கும் ஓர் அணி வேண்டும் என்று அவ்வாசிரியை சேர்த்துக்கொண்டார். பிரேரித்தவரின் மகளே அதற்கு முதலில் பெயர் கொடுத்தவள் என்பது பின்னர் தெரியவந்தது.

பணம் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டது. நான்கு பந்து வாங்கப்பட்டுவிட்டன. உக்கிப்போன கோல் கம்பங்களுக்குப் பதிலாகச் சவுக்கு மரம் நடுவதென்றும், அளவு பிசகாமல் எட்டடி உயரமும் எட்டு யார் அகலமும் வைப்பதென்றும் முடிவாயிற்று. வலைக்குத்தான் பணம் எஞ்சவில்லை. கடற்கரையில் கரைவலைச் சம்மாட்டியார் ஒருவர், கிழிந்த மடியொன்றிலிருந்து வேண்டிய அளவு வெட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கண்ணி சற்றுச் சிறிது, பந்து தப்பாது என்கிறார்.